சாமி வீட்டு வைன்

"போத்தல் அத்தனையையும் நான்தாங்க குடிச்சேன், சாமி."

சாமியின் சமையல்காரன் சோலைமலை இப்படிச் சொன்னதும் கந்தப்பளைக் கிறிஸ்தவக் கோயில் முற்றத்தில் நின்ற கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது.

கூட்டம் கூடியது என்னவோ சாமியின் அண்ணனைப் பார்க்கத்தான். பாதிரியார் லொரன்சோ சாமிக்குச் சொந்த ஊர் இத்தாலி. அங்கே அவர் குடும்பத்துக்குத் தலைமுறை தலைமுறையாகத் திராட்சைத் தோட்டம். கொடி நடுவது, பழம் பறிப்பது, பிழிவது, போத்தலில் அடைப்பது எல்லாம் வீட்டு ஆட்களே. வருஷம் தவறாமல் தம்பிக்கு ஒரு பெட்டி வைன் கப்பலில் அனுப்பிவிடுவார் அண்ணன். தம்பியும் தேன் மாதிரி இருந்தது என்று எழுதிவிடுவார்.

அந்தத் தேனில் சாமி யாருக்கும் ஒரு சொட்டுக் கொடுத்ததில்லை. தேயிலைத் தோட்டத்து டாக்டரையா வாய்விட்டுக் கேட்டும் சிரித்து மழுப்பிவிட்டார். அன்றிலிருந்து தோட்டத்தில் அவருக்குக் கஞ்சச் சாமி என்று பெயர்.

சாகுமுன் தம்பியை ஒருதரம் பார்த்துவிட வேண்டும் என்று அண்ணன் கப்பலேறி வந்திருந்தார். வந்தவர் காலைக்கூடக் கழுவவில்லை. என் வைனைக் கொண்டு வா, இந்தக் குளிரில் உன்னோடு உட்கார்ந்து குடிக்க வேண்டும் என்றார். முதலில் தேத்தண்ணி குடிக்கலாமே என்று சாமி சொல்லிப் பார்த்தார். கிழவர் விடுவதாக இல்லை. வேறு வழியில்லாமல் சாமி சோலைமலையைக் கூப்பிட்டபோதுதான் அவன் இந்தக் குண்டைத் தூக்கிப் போட்டான்.

கூட்டத்தில் முன்னால் நின்றவர் மாயாண்டி கங்காணி. விருந்தாளிக்குக் கொடுக்க எலுமிச்சம்பழத்தோடு வந்திருந்தார். சோலைமலையின் மகள் பூரணியை அவர் மகனுக்குப் பேசி முடித்திருந்தது. சீர் வேண்டாம், நகை வேண்டாம் என்றவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தார். பெண் வீட்டில் குடிக்கிற ஆள் இருக்கக்கூடாது. கூடப்பிறந்தவனைச் சாராயத்துக்குப் பறிகொடுத்த மனுஷன். சோலைமலையும் மாரியம்மன் கோயிலில் சத்தியம் பண்ணிக் குடியை விட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

என்ன சொல்கிறான் என்று அண்ணன் கேட்டார். சாமி திக்கித் திணறி அவர்கள் பாஷையில் சொன்னார். கிழவர் ஏதோ திருப்பிக் கேட்டார்.

"எல்லாத்தையுமா குடிச்சேன்னு கேக்குறார்."

"ஒரு வாய் வச்சேன், அப்புறம் விட முடியலைங்க. இப்படி ஒரு ருசியை என் ஆயுசுல கண்டதில்லைன்னு சொல்லுங்க சாமி."

சாமி அதையும் அண்ணனிடம் சொல்லி முடித்தார். அறை விழப்போகிறது என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, கிழவர் சோலைமலையைக் கட்டிப் பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கிழவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அவர் சொன்னதைச் சாமி தமிழில் சொன்னார். இனி யார் இதைக் குடிக்கப் போகிறார்கள், கொடியைப் பிடுங்கிவிட்டு நிலத்தை விற்போம் என்று பிள்ளைகள் நச்சரிக்கிறார்களாம். கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு மனுஷன் வேலை போனாலும் பரவாயில்லை என்று நம் வைனைத் திருடிக் குடித்தான் என்று போய்ச் சொல்வேன் என்றார்.

கிழவருக்குச் சந்தோஷம். ஆனால் மாயாண்டி கங்காணி எலுமிச்சம்பழத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு யாரையும் பார்க்காமல் நடையைக் கட்டினார்.

சோலைமலை வீடு திரும்புமுன்பே சேதி தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போய்விட்டது. சத்தியம் பண்ணின வாயாலேயே குடித்தாயா என்று மனைவி அம்மாக்கண்ணு அழுது தீர்த்தாள். பூரணி அப்பன் பக்கம் திரும்பாமல் அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தாள். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. வாசலில் போய் உட்கார்ந்துகொண்டான்.

பொழுது சாயும் நேரத்தில் மாயாண்டி கங்காணி வந்தார். சம்பந்தத்தை முறிக்கத்தான் வருகிறார் என்று சோலைமலை எழுந்து நின்றான்.

"நேரா சாமிகிட்டத்தான் போனேன். இந்தத் திருட்டுக் குடிகாரனை இன்னைக்கே வேலையை விட்டு நிறுத்துங்கன்னு சொன்னேன்."

சோலைமலை தலையைக் குனிந்துகொண்டான்.

"சாமி என்னைய குசினிக்குப் பின்னால கூட்டிட்டுப் போய், ஒரு காலிப் போத்தலை எடுத்து மோந்து பாருன்னாரு. பார்த்தேன். வினாகிரி."

அம்மாக்கண்ணு கதவுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"கப்பல் சூட்டுல வருஷா வருஷம் புளிச்சுப் போய்த்தான் வருதாம். அண்ணன் மனசு நோகக்கூடாதுன்னு இவரு தேன், தேன்னு எழுதியிருக்காரு. யாருக்கும் ஒரு சொட்டுக் குடுக்காததும் அதனாலதானாம். அண்ணனைக் கூட்டிவர ஸ்டேஷனுக்குப் போயிருந்த நேரத்துல நீயாவே எல்லாத்தையும் சாக்கடைக் கான்ல ஊத்திட்டியாம், சொல்லி அழுகுறாரு. நாளைக்கே எல்லார் முன்னாடியும் உண்மையைச் சொல்லிடுறேங்கறாரு."

சோலைமலை பதறிப்போனான்.

"வேணாம்னு சொல்லுங்க, கங்காணியய்யா. காலையில பெரட்டுல ஆள் கணக்கெடுக்கையில தெரிஞ்சா, மத்தியானம் பெரியவர் காதுக்குப் போயிரும். அவர் ஊரு போய்ச் சேர்ற வரைக்குமாவது நான் குடிகாரனாவே இருந்துக்கிறேன். ஆனா என் புள்ளை..."

மாயாண்டி அவன் தோளைப் பிடித்து உட்கார வைத்து, பக்கத்தில் தானும் உட்கார்ந்தார்.

"வேணாம்னுதான் நானும் சாமிகிட்டச் சொல்லிட்டு வந்தேன். தை மாசம் கல்யாணம். எவனாவது கேட்டா, ஆமாடா, என் சம்பந்தி பெருங்குடிகாரன்தான்னு நானே சொல்லிக்கிறேன்."