ஏரிமேட்டில் ஐந்து நிமிஷம்

"டிரைவர் தம்பி, நிறுத்து! வெத்தலை எச்சி துப்பணும்."

சந்தைக்குக் கத்தரிக்காய்க் கூடையோடு போகும் பச்சையம்மாள் கத்தியதும் பஸ் முழுக்க முணுமுணுப்பு கிளம்பியது.

"இந்தப் பொம்பளைக்கு தினமும் இதே எடத்துலதான் வாய் நெறையுமா?" என்று எரிந்து விழுந்தார் நாலாவது சீட்டு இளையபெருமாள் வாத்தியார்.

டிரைவர் கண்ணையனும் தன் பங்குக்கு, "உங்களோட பெரிய ரோதனையாப் போச்சுக்கா" என்று அலுத்துக்கொண்டே பிரேக்கைப் போட்டான். உள்ளுக்குள் அவளுக்குக் கோயில் கட்டிக் கும்பிட்டான்.

யுத்த காலம். பெட்ரோல் கிடையாது. பெரம்பலூர் - அரியலூர் பஸ், பின்னால் மாட்டிய அடுப்பில் கரியைப் போட்டுத்தான் ஓடியது. 'ஓடியது' என்பது மரியாதைக்குச் சொல்வது. ஏரிமேட்டில் நடந்து போகிறவர்களே அதை முந்திக்கொள்வார்கள். அங்கே வேகம் குறைந்ததும் பின்னாலிருக்கும் புகை முன்னால் வந்து முகத்தில் அடிக்கும்.

கண்ணையனுக்கு இழுப்பு கிளம்புவதும் அங்கேதான்.

அரியலூர் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "இது ஆஸ்துமாப்பா. சுருட்டை இன்னையோட விட்டுடு. பொழுது சாயறதுக்குள்ள சாப்பிட்டுடு. இழுப்பு வந்தா பதறாதே. நிமிர்ந்து உட்கார்ந்து மூக்கால மெதுவா இழு. அப்புறம் சூடான காபியை ஊதுற மாதிரி உதட்டைக் குவிச்சு, நிதானமா ஊது. புகை இருக்குற பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்காதே."

கண்ணையன் சுருட்டை விட்டான். ராத்திரிச் சோற்றை விளக்கு வைக்கும் முன்பே முடித்தான். பாதி இழுப்பு குறைந்தே போயிற்று. கடைசிப் பேச்சைத்தான் கேட்க முடியவில்லை. கரி பஸ் ஓட்டுகிறவன் என்று டாக்டரிடம் அவன் சொல்லவே இல்லை. இழுப்பு உண்டு என்று முதலாளியிடமும் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கே சீட்டுக் கிழிந்துவிடும். வீட்டில் நாலு வாய்.

பச்சையம்மாள் நிறுத்தச் சொல்லும் அந்த ஐந்து நிமிஷம்தான் அவனைக் காப்பாற்றியது. ரேடியேட்டருக்குத் தண்ணீர் மொள்ளுகிற சாக்கில் தகர டப்பாவோடு ஏரியில் இறங்குவான். பஸ்ஸுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஊதி ஊதி மூச்சைச் சமன் செய்துகொண்டு திரும்புவான். தன் வெற்றிலைப் பழக்கம் ஒருத்தனுக்குப் பிழைப்புக் கொடுக்கிறது என்று அந்தக் கத்தரிக்காய்க்காரிக்குத் தெரியாது, பாவம்!

மறுநாள் முதலாளி நல்லுசாமியே பஸ்ஸுக்கு வந்துவிட்டார். அவர் ஏறுவதற்கு முன் கண்ணையன் பச்சையம்மாளிடம் ஓடினான்.

"அக்கா, கும்பிட்டுக் கேக்குறேன். இன்னிக்கு மட்டும் நடுவுல நிறுத்தச் சொல்லிடாதீங்க."

அவள் ஒரு வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டாள்.

முதலாளி கடிகாரமும் கையுமாக அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். "தெனம் லேட்டு. எங்க லேட்டாவுதுன்னு நானே பாக்குறேன். எடு வண்டிய."

ஏரிமேடு வந்தது. புகையும் வந்தது. நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவது போல் ஒரு சத்தம். கண்ணையன் உதட்டைக் குவித்து மெதுவாக ஊதினான்.

"என்னய்யா, விசிலா அடிக்கிற?"

பதில் சொல்ல மூச்சில்லை. நிறுத்தினால் வேலை போகும். நிறுத்தாவிட்டால் வண்டி ஏரிக்குள் போய்விடும் போலிருந்தது.

"நிறுத்து தம்பி! எச்சி துப்பணும்!"

கண்ணையன் நிறுத்திவிட்டான்.

முதலாளிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "ஓகோ, நீதானா அது! கூடையைத் தூக்கிக்கிட்டு எறங்கு. இனிமே என் பஸ்ஸுல காலையே வைக்கக் கூடாது!"

கண்ணையனுக்கு மனசு கேட்கவில்லை. தன்னால் ஒருத்தி நடுரோட்டில் நிற்பதா? வேலை போனால் போகட்டும், உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான். வார்த்தை வரவில்லை. இரைப்புதான் வந்தது.

அதற்குள் வாத்தியார் எழுந்து நின்று பஸ் அதிரக் கத்தினார்.

"அந்தம்மாவ எறக்குறதுன்னா என்னையும் எறக்குங்க மொதலாளி! எனக்கு நீரிழிவு. இந்த எடத்துல நிறுத்தியே ஆவணும்."

தினமும் திட்டுகிறவராயிற்றே! கண்ணையன் திகைத்தான்.

"எனக்கும் வயிறு சரியில்லீங்க" என்றார் லப்பைக்குடிக்காட்டு ஜவுளிக்கடை பாய்.

"புள்ளைக்கு ஒண்ணுக்கு வருதுங்க" என்று தூங்குகிற கைக்குழந்தையைத் தூக்கிக் காட்டினாள் ராசாத்தி.

பின் சீட்டுகளில் ஏழெட்டுக் கைகள் உயர்ந்தன.

முதலாளி அந்தக் கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கொஞ்ச நேரம் நெளிந்துவிட்டு அவரே வேட்டியை மடித்துக் கட்டினார்.

"நீங்கள்லாம் சொன்னதும் எனக்கும் முட்டிக்கிட்டு வருது. சரி கண்ணையா, இனிமே தெனம் இங்க அஞ்சு நிமிஷம் நிக்கட்டும். அரியலூர் போய்ச் சேர்ற நேரத்தை நான் தள்ளி எழுதிக்கிறேன். நீயும் உன் கூடையோட உட்காரும்மா."

அவர் பனைமரங்களைப் பார்த்து நடையைக் கட்டினார். கண்ணையன் டப்பாவோடு ஏரியில் இறங்கி உட்கார்ந்தான். மூக்கால் இழுத்தான். உதட்டைக் குவித்து ஊதினான். கொஞ்சம் கொஞ்சமாக நெஞ்சின் கட்டு தளர்ந்தது. வேலை நிலைத்தது, மூச்சும் வந்தது. அப்பாடா என்றிருந்தது அவனுக்கு.

இறங்கினவர்களை முதலாளி வருவதற்குள் ஏற்றிவிடுவோம் என்று திரும்பிப் பார்த்தான்.

கரையில் ஒருவரும் இல்லை. வாத்தியார் நாலாவது சீட்டிலேயே இருந்தார். பாய் இருந்த இடத்தில் இருந்தார். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. எல்லோரும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பச்சையம்மாள் ஜன்னல் வழியே தலையை நீட்டினாள்.

"எங்களுக்கு ஒரு அவசரமும் இல்ல தம்பி. நீ நல்லா மூச்சு விட்டுட்டு வா."