ஓவிய வகுப்பின் காவல் தெய்வம்

கணக்கு வாத்தியார் விழுங்கிவந்த ஓவிய வகுப்பை மீட்கவே தலைமையாசிரியை ஆன ஓவிய டீச்சர், புது நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருக்கிறார். வண்ணம் படிந்திருந்த விரல்களில் இப்போது முத்திரை மை. எதிரே அதே கணக்கு வாத்தியார், சாக்பீஸை உருட்டியபடி நெளிகிறார். “இன்னைக்கு மட்டும் ட்ராயிங் பீரியடைக் குடுங்க மேடம்.” “முடியவே முடியாது சார். இனிமே அதை ஒருத்தரும் தொடக்கூடாது!” “சரிங்க மேடம். அப்ப வகுப்பை யார் எடுப்பா? இருந்த ஒரே ட்ராயிங் டீச்சர் நீங்கதானே?” மாடியில் ஆசிரியர் இல்லாத வகுப்பு கூரையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறது. ஓவியக் கல்வியை வளர்ப்பது பற்றிய கூட்டத்துக்கு உடனே வரச்சொல்லி மேசைமேல் கைபேசி துடிக்கிறது. “போய் எடுத்துத் தொலைங்க சார்!” வாத்தியார் துள்ளிக்கொண்டு போகிறார். மேசையிலிருந்த சுற்றறிக்கையின் ஓரத்தில் டீச்சரின் பேனா தானாக ஓடுகிறது: கணக்கு வாத்தியார், இரண்டு கொம்புகளோடு. இந்த வாரம் பள்ளிக்கூடத்தில் வரையப்பட்ட ஒரே படம் அதுதான்.