கடைசி வாரம் எழுத்தாளர் வருவார்

"மூணாவது அடியில பல்லு தெறிச்சு விழுந்துச்சு. அப்பவும் காவலாளி விடலை. கைதியோட விரலை இரும்புக் கதவு இடுக்குல வெச்சு, கதவை ஓங்கிச் சாத்தினான்."

மாஸ்டரின் மனைவி இதைச் சொல்லிவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். லேப்டாப் திரையில் கட்டம் கட்டமாக நாற்பது முகங்கள். எல்லாம் அவளோடு கல்லூரியில் படித்தவர்கள். ஞாயிறு காலை பத்து மணி ஆனால் போதும், அவள் நடத்தும் புத்தக வட்டத்துக்கு வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

கேமராவில் படாத மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் மாஸ்டர். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். கற்றுக்கொடுக்கிற வண்டியில் தன் காலுக்கடியிலும் ஒரு பிரேக் வைத்திருக்கிற மனிதருக்கு வீடு மட்டும் விதிவிலக்கா என்ன? வாசலைப் பூட்டிச் சாவியை அவர் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் மனைவி லேப்டாப்பைத் திறக்க வேண்டும்.

வீட்டு விஷயம் ஒரு வார்த்தை வெளியே போகக் கூடாது என்று காவல் இருக்க வந்தவர்தான். ஆனால் ஆறு வாரமாகக் கதையில் சொக்கிப் போய்க் கிடந்தார். ஒரு சிறைக்கூடம், ஒரு கைதி, ஒரு காவலாளி. வாரத்துக்கு ஓர் அத்தியாயம். படிக்க நேரமில்லாதவர்களுக்காக அவள் முதலில் சுருக்கம் சொல்வாள், பிறகு ஆளாளுக்குப் பேசுவார்கள். ரத்தம் சிந்தாத அத்தியாயமே கிடையாது.

மற்றப் புத்தகங்கள் என்றால், எல்லோரும் அட்டையைத் தூக்கிக் கேமராவுக்குக் காட்டிய பிறகுதான் கூட்டமே தொடங்கும். இதற்கு மட்டும் யாரும் அட்டை காட்டுவதில்லை. அந்த வெட்டிவேலை ஒழிந்ததே என்று மாஸ்டருக்கு நிம்மதி.

"எனக்கு அந்தக் காவலாளி மேல கொலைவெறியே வருது" என்றார் சோடாபுட்டி. கண்ணாடியின் தடிமனுக்காகக் கல்லூரியில் வைத்த பெயர், இப்போது வக்கீல். "அடி வாங்கின தேதி, நேரம் எல்லாம் கைதி எங்கயாவது குறிச்சு வெச்சிருக்கானா?"

"வெச்சிருக்கான். எல்லாம் வெளிய போய்ச் சேர்ந்தாச்சு" என்றாள் மனைவி.

"தப்பிக்கும்போது மட்டும் தனியா ஓடக் கூடாதுப்பா" என்றாள் டாக்டரம்மா. கிளினிக் போகிற வழி என்று சொல்லி, இன்று காருக்குள் இருந்தபடியே பேசினாள். "தெருமுனையில அவனுக்கு ஒரு வண்டி நிக்கணும்."

மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை. பக்கவாட்டில் கையை நீட்டிக் கேமராவையும் மைக்கையும் அணைத்தார். மனைவியின் பிடரியைப் பிடித்து மேசையில் ஒரு மோது மோதினார்.

"படிச்ச கூமுட்டைங்க! வாயை மூடிட்டு இருந்திருந்தா கைதிக்கு எதுக்கு அடி விழப் போகுது? அவனுங்க சொல்றதுக்கெல்லாம் நீயும் தலையாட்டிட்டு இருக்கே. இந்தப் புத்தகத்தோட இந்தக் கூத்தை மூட்டை கட்டிடணும், ஆமா!"

"சரிங்க." நெற்றி புடைத்துக்கொண்டு வந்தது. கட்டுப் போட்ட விரலால் மெல்லத் தடவிக்கொண்டாள். அலமாரிக் கதவில் தானாக நசுங்கியது என்று பக்கத்து வீட்டில் சொல்லி வைத்திருந்த விரல் அது. வெளியே இருக்கிற மனிதர்களைப் பார்க்க அவளுக்கு மிச்சமிருந்ததே இந்த ஒரு திரைதான். அதற்கும் இன்றோடு முடிவு.

"கடைசி அத்தியாயம் மட்டும்தாங்க பாக்கி" என்றாள். "வழக்கம்போல அதுக்கு எழுத்தாளரையே வரவழைக்கிறோம். அரை மணி நேரத்துல வந்துடுவார். நீங்களும் பேசுங்களேன்? காவலாளி பக்கத்து நியாயத்தைச் சொல்ல இங்க வேற ஆள் இல்லை."

மாஸ்டருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எழுத்தாளரோடு நேருக்கு நேர்! குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டார். கசங்கிய சட்டை, நாலு நாள் தாடி.

"சேவ் பண்ணி, குளிச்சிட்டு வந்துடறேன். அந்த ஆளு வந்தா பேச்சுக் குடுத்து உட்கார வை." சட்டையைக் கழற்றி நாற்காலியில் வீசிவிட்டுக் குளியலறைக்கு ஓடினார்.

இருபது நிமிடத்தில் இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரிய தலை, கமகமவென்று பவுடர் சகிதம் திரும்பினார். மனைவியின் இடம் காலியாக இருந்தது. அடுப்படியில் இருப்பாள் என்று நினைத்து, அங்கேயே கேமராவுக்கு எதிரில் உட்கார்ந்தார். அவர் அணைத்த கேமராவும் மைக்கும் மறுபடி ஓடிக்கொண்டிருந்தன; திரையின் ஓரத்தில், எல்லாம் பதிவாகிறது என்று காட்டும் சிவப்புப் புள்ளி ஒன்று மின்னிக்கொண்டிருந்தது.

"எல்லாருக்கும் வணக்கம். நான் இவளோட வீட்டுக்காரர். அந்தக் காவலாளியைப் பத்தி..."

திரையில் இருந்தவர்கள் கண் கொட்டாமல் அவரையே பார்த்தார்கள். டாக்டரம்மாவின் கட்டத்தில் கார் ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்குப் பக்கத்து இருக்கையில், புடைத்த நெற்றியோடு, கட்டுப் போட்ட விரலால் சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டிருந்தாள் அவர் மனைவி.

மாஸ்டர் வெடுக்கென்று திரும்பினார். கழற்றிப் போட்ட சட்டையின் பை வெளிப்பக்கமாகத் தொங்கியது. சாவியைக் காணோம்.

தண்ணீர்க் கிளாஸைத் தூக்கிச் சுவரில் அடித்தார். கண்ணாடிச் சில்லுகள் அறையெங்கும் சிதறின.

"ஏய், மரியாதையா திரும்பி வந்துடு! கொன்னு புதைச்சிடுவேன்!" மேசையை ஓங்கிக் குத்தினார். "கதை சொல்லியே அவளைக் கெடுத்துட்டீங்களேடா! எங்கடா அந்த எழுத்தாளன்? அவன் கையை உடைக்காம விடமாட்டேன்!"

சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"இப்பதான் வந்து உட்கார்ந்தீங்க சார்."