சீழ்க்கைக்குப் பழகிய குதிரை

அவன் காலில் பொற்கழலைப் பூட்டினார்கள்.

கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. அதைத் தவிர அவனுக்கு வேறொன்றும் தோன்றவில்லை.

அரசர் தம் சொந்தத் தம்பியைப் போரில் வென்று மூன்று நாள்தான் ஆகியிருந்தது. தோற்ற பக்கத்துக்காரர்களும் இன்று இதே கூட்டத்தில் நின்று ஆரவாரித்தார்கள். பாவம், வேறென்ன செய்வார்கள்?

"நூறு குதிரை தயங்கி நின்ன இடத்துல, நீ ஒருத்தன் மட்டும் எப்படிப்பா பாய்ஞ்சே?" என்று கேட்டார் அரசர்.

"குதிரை ஓடிச்சு, மகாராசா. நான் மேல இருந்தேன்."

சபை சிரித்தது. என்ன அடக்கம் பாருங்கள் என்றார் தளவாய்.

அவன் பொய் சொல்லவில்லை.

பகைவர் யாரும் விஷம் வைத்துவிடக் கூடாதே என்று, சீழ்க்கை கேட்டால்தான் தீனியில் வாய் வைக்கும்படி குதிரைகளைப் பழக்குவது அந்த லாயத்து வழக்கம். அவன் குதிரையைப் பழக்கியவன் அவன் அண்ணன் முத்திருளன்.

நாடு இரண்டானபோது முத்திருளன் அரசருடைய தம்பி பக்கம் போனான். "சீழ்க்கையை மாத்திப் பழக்கிக்கடா" என்று சொல்லிவிட்டுத்தான் போனான்.

அவன் மாற்றவில்லை. தினமும் அதை ஊதும்போது அண்ணன் கூடவே இருப்பதுபோல இருந்தது.

களத்தில் அம்புகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டவனை முத்திருளன் பார்த்துவிட்டான். கேடயத்தைக் கீழே போட்டான். இரண்டு விரலை வாயில் வைத்தான். தன்னிடம் வரவழைத்துவிட்டால் தம்பி பிழைத்துக்கொள்வான் என்று நினைத்திருக்க வேண்டும்.

குதிரை பறந்தது.

கடிவாளத்தை இழுத்துப் பார்த்தான். நிற்கவில்லை. நீட்டியிருந்த ஈட்டியைக் கீழே போட இன்னொரு கைக்கு மறந்துபோயிற்று.

அண்ணன் கடைசிவரை நகரவே இல்லை. சிரித்தபடிதான் நின்றான்.

விழா முடிந்து, மாலையும் கழலுமாக லாயத்துக்கு வந்தான்.

மூன்று நாளாகக் குதிரை எதையும் தொடவில்லை. விலா எலும்பு தெரிந்தது. இன்னும் ஒரு நாள் தாங்காது என்றார்கள்.

ஊறிய கொள்ளைத் தொட்டியில் கொட்டினான். குதிரை கொள்ளைப் பார்த்தது. பிறகு அவனைப் பார்த்தது. காதை நிமிர்த்திக்கொண்டு நின்றது.

அவன் வெகுநேரம் நின்றான்.

பிறகு இரண்டு விரலை வாயில் வைத்து ஊதினான்.

குதிரை குனிந்து தின்ன ஆரம்பித்தது.

அவன்தான் வாசலைத் திரும்பிப் பார்த்தான்.