ஓரின் டட்டிலின் கை நடுங்குகிறது

மருந்துக்கடை ஜன்னலில் நிற்கும் சிவப்புத் தண்ணீர்க் குடுவையை ஊடுருவி வரும் காலை வெயில், ஓரின் டட்டிலின் கைகளைச் சிவப்பாக்குகிறது. அந்தக் கைகள் நடுங்குகின்றன. இந்த அயோவா ஊரில் இருபது வருஷமாக எல்லார் வீட்டுப் பிள்ளைகளுக்கும் காய்ச்சல் மருந்தான கொயினாவை எடைபோட்டு நிறுத்துக் கொடுத்தவர் அவர். குளிர்காய்ச்சலில் மூன்று நாளாக ஒரு வாய் சாப்பிடாமல் மாடியில் கிடக்கும் தன் மகள் ஹெஸ்டருக்கு மட்டும் அவரால் நிறுக்க முடியவில்லை. சின்னத் தராசின் பித்தளைத் தட்டு ஏறுகிறது, இறங்குகிறது, நிலைகொள்ள மாட்டேன் என்கிறது.

"நகருங்க, நான் நிறுக்கிறேன்," என்கிறாள் மனைவி அல்மீரா.

"கூடிப்போனா பிள்ளைக்குக் காது அடைச்சுக்கும், அல்மீரா."

"நீங்க அளவை மட்டும் சொல்லுங்க. என் கை நடுங்கல."

அவள் மூச்சை அடக்கிக்கொண்டு, கத்தி முனையில் எடுத்த வெள்ளைத் தூளைத் தராசில் கொஞ்சங்கொஞ்சமாக உதிர்க்கிறாள். இருமல் மருந்துக்கு வந்த விவசாயி பீபி, இருமினால் தராசு அசைந்துவிடுமோ என்று வாயைத் தொப்பியால் பொத்திக்கொண்டு வாசலிலேயே நிற்கிறார். தட்டு சமமாகிறது. அப்போது மாடிப்படி கிறீச்சிடுகிறது. வியர்வையில் தொப்பலாக நனைந்த இரவு உடையோடு, வெறுங்காலில், கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஹெஸ்டர் நிற்கிறாள்.

"அம்மா, பசிக்குது. வெள்ளரி ஊறுகாய் இருக்கா?"

"காய்ச்சக்காரிக்கு ஊறுகாயா?" என்று அதட்ட வந்த அல்மீராவின் குரல் பாதியில் உடைந்துபோகிறது. ஊருக்கெல்லாம் பத்தியம் சொல்லும் ஓரின், அதற்குள் ஊறுகாய் ஜாடி இருக்கும் நிலவறைப் படிகளில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கிக்கொண்டிருக்கிறார்.