வாயைத் திறக்காத மனுஷன்

இப்படியும் ஒரு புருஷனா என்று அனுசுயாவுக்கு ஆற்றாமையாக வந்தது.

பக்கத்துக் கட்டில் மருதம்மாளை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று, அவள் வீட்டுக்காரர் ரத்தினசாமி வார்டுக்குள் வந்து நின்று, "சாப்ட்டியா?" என்று ஒரு கத்து கத்தினார் பாருங்கள், ஆறு கட்டில் தள்ளித் தூங்கிக்கொண்டிருந்த அம்மாள் பதறி எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"ஏனுங்க, இது ஆஸ்பத்திரிங்களா, சந்தைங்களா?" என்று நர்ஸ் பிடித்த பிடியில் வெளியே போனவர்தான். பத்து நாளாகிறது.

தினமும் சாமளாபுரத்திலிருந்து முதல் பஸ்ஸுக்கு வந்துவிடுகிறார். கீழே வண்டி நிறுத்துகிற இடத்தில், மாடி ஜன்னலுக்கு நேராக நின்றுகொள்கிறார். எதையோ மென்றுகொண்டே அண்ணாந்து பார்க்கிறார். இருட்டினால் பஸ் ஏறுகிறார். ஒரு வார்த்தை? ம்ஹூம்.

மருதம்மாளும் ஜன்னலை ஒட்டிய கட்டிலில் சாய்ந்து, வெளியே பார்த்தபடியே கிடப்பாள். அனுசுயாவுக்குத் தெரிவது அவள் முதுகுதான். சில நேரம் அந்த முதுகு குலுங்கும். பாவம், அழுகிறாள் போல.

"கல்லு மனுஷன் சிஸ்டர். பொண்டாட்டி இந்த நெலமையில கெடக்கா, வாயத் தொறந்து ஆறுதல் சொன்னா என்ன, முத்தா உதிர்ந்துரும்?" என்று அனுசுயா நர்ஸிடம்கூடச் சொல்லிவிட்டாள்.

இரண்டு பேருக்கும் ஒரே வியாதிதான். சினைப்பையில் கட்டி. கேன்சராக இருக்குமோ என்று சந்தேகம். மருதம்மாளுக்கு ஆபரேஷன் ஆகி ஏழு நாள். எடுத்த கட்டியைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள், இன்றைக்கு ரிசல்ட். அனுசுயாவுக்கு ரத்தம் குறைவு என்று தள்ளிக்கொண்டே போய், நாளைக் காலை ஆபரேஷன்.

நினைத்தாலே பயமாக இருந்தது. அவள் ஊர் சாத்தூர் பக்கம். அங்கிருந்து வந்து கூட இருக்க ஆள் கிடையாது. அதனால் என்ன, அவள் புருஷன் முனீஸ் தங்கமானவன். அருள்புரத்தில் பனியன் கம்பெனி சூப்பர்வைசர். நாலு மணி பார்வை நேரத்துக்கு டாண் என்று கை நிறையப் பழத்தோடு வந்து நிற்பான். வார்டே திரும்பிப் பார்க்கும்.

மூன்று மணி இருக்கும். மருதம்மாள் திடீரென்று எழுந்து உட்கார்ந்து, முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மினாள். அனுசுயா பதறிப்போய் ஜன்னலை எட்டிப் பார்த்தாள். கீழே ரத்தினசாமி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னக்கா? என்ன ஆச்சு?"

"கேன்சரு இல்லியாமா கண்ணு! வெறும் நீர்க்கட்டியாமா. டாக்டரு இப்பத்தான் அவரக் கூப்ட்டுச் சொன்னாங்களாமா. காலைல ஊட்டுக்கே போலாமாமா!"

"யாருக்கா சொன்னா?"

"அவருதான்."

"அவரு வாயே தொறக்கலியேக்கா!"

மருதம்மாளுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

"பதினெட்டு வருசமா ஒரே தறிக்குடோன்ல எனக்கும் அவருக்கும் எதிரெதிர் தறி கண்ணு. தறி ஓடற சத்தத்துல கத்துனாக் கேக்குமா? உதட்டப் பாத்துத்தான் பேச்சு. அவருக்கு இப்பக் காதும் மந்தம், மெதுவாப் பேச வராது. நர்ஸம்மா வையறாங்கன்னு கீழயே நின்னுக்கிட்டாரு."

"அப்ப இந்தப் பத்து நாளும்...?"

"காலைல இருந்து பொழுதோட வரைக்கும் பேச்சுத்தான். ரசத்துல உப்புப் போட மறந்தது, பக்கத்தூட்டுக் கோழி நம்ம அடுப்புக்குள்ள முட்ட வெச்சது, அத்தனையுஞ் சொல்லுவாரு. சிரிச்சுச் சிரிச்சுத் தையல் வலிக்கும். பயமா இருக்குதுன்னு நாஞ்சொன்னா, 'நான் இங்கயேதான் நிக்கறேன்'பாரு."

அனுசுயா தன் கட்டிலில் போய் உட்கார்ந்தாள்.

நாலு மணிக்கு முனீஸ் வந்தான். ஆப்பிளை வைத்தான். ஸ்டூலில் உட்காருவதற்குள் செல்போன் அடித்தது.

"சொல்லுங்க சார். டையிங் பட்டறைல இருந்து துணி இன்னும் வரலியா? இல்ல சார், ஷிப்மென்ட் தவறாது சார்..."

"ஏங்க..."

"இரு அனு, ஒரு நிமிஷம்." அடுத்த போன்.

"நாளைக்கு ஆபரேஷன நெனச்சா..."

"அதான் பெரிய டாக்டர்ட்டயே பேசிட்டேன்ல? நல்லாப் பாத்துக்கிருவாங்க. பழத்தச் சாப்பிடு. காலைல வாரேன், என்ன?"

இருபது நிமிஷம் இருந்தான். அதில் பதினெட்டு போனுக்குப் போனது. நேற்றும் இப்படித்தான், முந்தாநாளும் இப்படித்தான். அவளுக்கு இன்றைக்குத்தான் உறைத்தது.

ஓடிப்போய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கீழே ரத்தினசாமி அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில்தான் பைக். முனீஸ் அதில் ஏறி உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தான்.

அனுசுயா சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்தாள். 'பயமா இருக்குங்க. போகாதீங்க.'

முனீஸ் சிரித்துக்கொண்டே தலையாட்டினான். கையசைத்தான். பைக் கிளம்பிப் போய்விட்டது.

இந்த ஊரில் தனக்கென்று யாருமே இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. கம்பியை விடாமல் அப்படியே நின்றாள்.

பின்னாலிருந்து மருதம்மாளின் கை அவள் தோளைத் தொட்டது.

"கண்ணு, அவரு உன்னயத்தான் பாத்துட்டு நிக்கறாரு. 'அந்தப் புள்ளயப் பயப்பட வேண்டாம்னு சொல்லு மருதா, அதுக்கு ஆப்பரேசன் முடியற வரைக்கும் நாம ஊட்டுக்குப் போறதில்ல'ங்கறாரு."