கதவில் நான்கு கீறல்கள்

காரிலிருந்து இறங்கியவனைக் கண்டதும், தருமபுரியில் கார் பாலிஷ் கடை வைத்திருக்கும் சவரி, முகக்கவசத்தைக் கண்வரை ஏற்றிக்கொண்டார்.

“நாளைக்கு ஏரியூர்ல பொண்ணு பாக்கப் போறேண்ணே. வண்டி கண்ணாடியாட்டம் இருக்கணும்,” என்றான் ஆண்டோ.

மெருகு இயந்திரம் சுழன்றது. பின்கதவில் நான்கு கீறல்கள் மட்டும் மறைய மறுத்தன.

“இதென்னங்க?”

“பழைய பொண்டாட்டி வளையலு. வயித்துல புள்ளையோட கதவப் புடிச்சுத் தொங்குனா. வண்டிய எடுத்துட்டேன்.” சிரித்தான்.

சவரியின் நாவில் ஓடிக்கொண்டிருந்த செபம் கசந்து நின்றது.

“மாதா கோயில்ல கல்யாண ஓலை வாசிச்சு, தடை இருக்கான்னு கேட்டா யாராச்சும் சொல்லுவாங்களேங்க?”

“அவளக் கட்டுனது ரிஜிஸ்டர் ஆபீஸ்ல. சாமியாருக்கே தெரியாது. நீங்க கோட்டிங் போட்டு மூடிடுங்க.”

“மூட முடியாதுங்க. கோட்டிங்குக்கு முன்னாடி பாலிஷ் எண்ணெய ஸ்பிரிட்டால துடைச்சாகணும். மறைஞ்சதெல்லாம் வெளிய வந்துரும்.”

துடைத்தார். நான்கு கீறல்களும் முன்னிலும் தெளிவாகத் தெரிந்தன. மலத்தைத் தொட்டவர்போல் துணியை வீசியெறிந்துவிட்டு, முகக்கவசத்தைக் கழற்றினார்.

“ஏரியூருக்கு வர வேணாங்க. உங்க போட்டோவத் தரகர் போன வாரமே கொண்டாந்து காட்டுனாரு. ஜோஸ்பின் என் மவ.”